விருந்துக்கு வெளியே நிற்பவர்: பண்டிகைக் காலச் சிறுவர் சித்திரக்கதைகள்

சிறுவர் இலக்கிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



சிறுவர் இலக்கியத்துக்கென்று ஓர் அறக்கட்டளை இருப்பது அரிது. அந்த மேடையில் சித்திரக்கதையைப் பற்றிப் பேச இடம் கிடைப்பது அதைவிட அரிது. நான் எடுத்துக்கொண்டிருப்பதோ சித்திரக்கதையிலும் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்ட ஒரு பிரிவு. கிறிஸ்துமஸ் மலர், கோடை மலர், தீபாவளி மலர் என்று பண்டிகையையும் விடுமுறையையும் கணக்கிட்டுக் கடைக்கு வரும் சிறப்பிதழ்கள். ஆய்வாளர்கள் இவற்றை இலக்கியக் கணக்கில் எழுதுவதில்லை, வணிகக் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள்.

அதில் பொய் எதுவும் இல்லை. இந்த மலர்களைப் பெற்றதும் வளர்த்ததும் வணிகம்தான். பண்டிகைச் சமயத்தில் பெரியவர்கள் கையில் காசு புழங்கும், பிள்ளைகள் கையில் பொழுது இருக்கும். இரண்டும் சேரும் வாரத்தில் புத்தகத்தைக் கடையில் தொங்கவிட வேண்டும் என்பதுதான் பதிப்பாளரின் கணக்கு. அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை பண்டிகை முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. ஒருசில மட்டும் எழுபது, எண்பது ஆண்டு கடந்தும் மறுபதிப்பாகிக்கொண்டே இருக்கின்றன. இந்தச் சிலவற்றுக்கும் அந்தப் பலவற்றுக்கும் என்ன வேறுபாடு? என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலைத்து நின்ற கதைகளில், விருந்துக்கு வெளியே ஒருவர் நிற்கிறார். பண்டிகையைக் கொண்டாட முடியாதவர், கொண்டாட விடப்படாதவர், அல்லது கொண்டாடவே மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டவர். அவரை வைத்துத்தான் கதை நகர்கிறது.

இலவசமாக வந்த மான்குட்டி

1939ஆம் ஆண்டு. சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட மாண்ட்கோமரி வார்டு என்ற பெரிய அங்காடி நிறுவனம், கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்துவந்தது. அவற்றை வெளியாரிடம் வாங்குவதைவிட நாமே ஒரு கதைப் புத்தகம் போட்டால் செலவு குறையுமே என்று நிர்வாகம் யோசித்தது. விளம்பரப் பிரிவில் எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் மே என்பவரிடம் வேலை வந்தது. வீட்டில் மனைவி புற்றுநோயால் படுத்திருந்தார். கதை முடிவதற்குள் இறந்தும் போனார். மருத்துவக் கடன் மீதியிருந்தது.

அந்த நிலையில் மே எழுதியது, மூக்கு சிவந்து ஒளிர்வதால் மற்ற மான்களின் கேலிக்கு ஆளாகி ஆட்டத்தில் சேர்க்கப்படாமல் ஒதுங்கி நிற்கும் ருடால்ஃப் என்ற மான்குட்டியின் கதையை. சிவந்த மூக்கு என்றால் குடிகாரனின் நினைவு வருமே என்று மேலிடத்தில் தயங்கினார்கள். மே தம் நண்பரான ஓவியர் டென்வர் கில்லனை விலங்குக் காட்சிசாலைக்கு அழைத்துப்போய் மான்களை வரையச் செய்து, அந்தப் படங்களைக் காட்டித்தான் ஒப்புதல் வாங்கினார். முதல் ஆண்டிலேயே 24 லட்சம் படிகள் வினியோகமாயின. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் நின்றுபோய், 1946இல் மறுபடி அச்சானது. 1947இல் நிறுவனம் கதையின் பதிப்புரிமையை மேயிடமே கொடுத்துவிட்டது. 1949இல் அவருடைய மைத்துனர் ஜானி மார்க்ஸ் இதைப் பாட்டாக்க, ஜீன் ஆட்ரி பாடினார். 1950 முதல் 1962 வரை டிசி காமிக்ஸ் ஆண்டுதோறும் ஒரு ருடால்ஃப் சித்திரக்கதை மலர் வெளியிட்டது.

கடையின் செலவுக் கணக்கில் பிறந்தது இது. இதே போன்ற இலவசப் புத்தகங்களை அந்தக் காலத்தில் பலரும் கொடுத்தார்கள். ஃபயர்ஸ்டோன் டயர் முகவர்கள்கூடக் கிறிஸ்துமஸுக்கு டொனால்ட், மிக்கி சித்திரக்கதைகளை வழங்கினார்கள். அத்தனையிலும் ருடால்ஃப் மட்டும் உலகம் சுற்றியதற்குக் காரணம், பள்ளி மைதானத்தில் எந்தக் கோஷ்டியிலும் சேர்க்கப்படாமல் ஓரமாக நின்ற ஒவ்வொரு பிள்ளையும் அந்த மானை அடையாளம் கண்டுகொண்டது.

ஆயினும் இந்தக் கதையில் ஒரு குறை உண்டு. பனிமூட்டமான இரவில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு வழிகாட்ட விளக்கு தேவைப்படுகிறது, அதனால் ருடால்ஃபுக்கு மரியாதை கிடைக்கிறது. பயன்படாதிருந்தால்? ஒளிராத மூக்கும் கோணல் கொம்புமாக ஒரு குட்டி இருந்திருந்தால், அதற்கு விருந்தில் இடம் உண்டா? இந்தக் கேள்வியைக் கதை தொடவில்லை. அதைத் தொட்டவர் வேறொருவர்.

கரடி மலையிலிருந்து ஷேக்டவுன் வரை

கார்ல் பார்க்ஸ் 1901இல் ஆரிகனில் பிறந்தவர். டிஸ்னி படப்பிடிப்பு நிலையத்தில் கதைப் பிரிவில் வேலை பார்த்து, 1942இல் விலகி, டொனால்ட் டக் சித்திரக்கதைகளை எழுதி வரையத் தொடங்கினார். புத்தகத்தில் அவர் பெயர் வராது. வால்ட் டிஸ்னியின் பெயர்தான் இருக்கும். வாசகர்கள் கோட்டை வைத்தே அவரைப் பிரித்தறிந்து, நல்ல வாத்து ஓவியர் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஏறத்தாழ 1960 வரையில் அவர் யாரென்று வெளியே தெரியாது. தாம் படைத்த விருந்துக்குத் தாமே வெளியே நின்றவர் என்று அவரைச் சொல்லலாம்.

1947 டிசம்பர் இதழுக்காக அவரிடம் 20 பக்கத்தில் ஒரு கிறிஸ்துமஸ் கதை கேட்டார்கள். இதழ்ப் பணிகள் மாதக்கணக்கில் முந்தி நடப்பவை. தெற்குக் கலிபோர்னியாவின் வெயிலில் உட்கார்ந்து பனி பொழிவதை வரைய வேண்டும். டொனால்டையும் மூன்று மருமகப் பிள்ளைகளையும் மலைமேல் ஒரு குடிலுக்கு அனுப்ப நினைத்தார். அந்தக் குடில் யாருடையது? ஒரு பணக்கார மாமா வேண்டியிருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் கிறிஸ்துமஸ் சந்தைக்கென்றே எழுதி வெளியிட்ட குறுநாவலில் வரும் கஞ்சனின் பெயரை எடுத்து, ஸ்க்ரூஜ் மெக்டக் என்று வைத்தார்.

பெரிய மாளிகையில் தனியாக உட்கார்ந்து, இந்தப் பண்டிகை எப்போது தொலையும் என்று எரிச்சலோடு காத்திருக்கும் கிழவராகத்தான் ஸ்க்ரூஜ் முதன்முதலில் நம் கண்ணில் படுகிறார். பொழுது போகாமல் டொனால்டின் துணிச்சலைச் சோதிக்க நினைக்கிறார். கரடி மலைக் குடிலுக்கு அவர்களை வரவழைத்துவிட்டு, கரடி வேஷம் போட்டுப் பயமுறுத்தக் கிளம்புகிறார். பிள்ளைகள் வெட்டி வந்த கிறிஸ்துமஸ் மரத்துக்குள் நிஜக் கரடிக்குட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது. பின்னாலேயே தாய்க் கரடியும் வருகிறது. பயத்தில் மயங்கிய டொனால்ட் அதன்மேலேயே சாய்ந்து கிடக்க, ஜன்னல் வழியே பார்த்த கிழவர், கரடியையே தலையணையாக்கித் தூங்கும் மாவீரன் என்று வியந்துபோகிறார். விளைவு, மாளிகையில் விருந்து.

டிக்கன்ஸின் கஞ்சன் ஆவிகளைக் கண்டு மனம் திருந்துகிறான். பார்க்ஸின் கஞ்சர் திருந்தவில்லை. ஒரு தப்பெண்ணத்தால்தான் கதவைத் திறக்கிறார். சிறுவர் கதையில் இது பெரிய துணிச்சல். நல்லவராக மாறினால்தான் விருந்துக்கு வரலாம் என்ற நிபந்தனை இங்கே இல்லை. இந்த ஒரு கதைக்கென்றுதான் பார்க்ஸ் அவரைப் படைத்தார். கிழவரோ போகவில்லை. 1952இல் அவர் பெயரிலேயே தனி இதழ் வந்தது. பிற்பாடு தூர்தர்ஷனில் வாத்துக் குடும்பத்தின் கதைகளைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கஞ்ச மாமா உறவுக்காரராகிவிட்டார். பண்டிகையை வெறுத்தவர் பண்டிகை மலரிலிருந்து பிறந்து, அதைத் தாண்டி வாழ்ந்தார்.

அடுத்த கதை இதைவிட ஆழமானது. 1951 இறுதியில் விற்பனைக்கு வந்து, 1952 ஜனவரி தேதியிட்ட இதழ் அது. மூன்று பிள்ளைகளும் ஷேக்டவுன் என்ற ஏழைக் குடியிருப்பு வழியாக நடந்து வருகிறார்கள். கிழிந்த உடையும் ஒட்டிய கன்னமுமாகக் குழந்தைகள் நிற்கிறார்கள். முதல் பக்கத்தில் அந்த முகங்களைப் பார்த்த வாசகருக்கு, இது வழக்கமான வேடிக்கைக் கதையில்லை என்று தெரிந்துவிடும். இவர்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ் நடத்திக் கொடுக்க 50 டாலர் தேவை. பாதி விருந்துக்கு, பாதி ஒரு பொம்மை ரயிலுக்கு.

ஸ்க்ரூஜிடம் போகிறார்கள். ரயிலுக்கான 25 டாலரை நீங்களே திரட்டி வந்தால் சாப்பாட்டுக்கான 25 டாலரைத் தருகிறேன் என்கிறார் அவர். பொம்மை ரயில் அவர் கணக்கில் வெட்டிச் செலவு. அந்தப் பணத்துக்காக டொனால்ட் படாத பாடு படுகிறார். இதற்கிடையே ஸ்க்ரூஜின் பணக் குவியலே பாரம் தாங்காத தரையைப் பிளந்துகொண்டு பாதாளக் குகைக்குள் விழுந்துவிடுகிறது. தோண்டினால் அதிர்வில் எல்லாம் புதைமணலுக்குள் போய்விடும். உள்ளே நுழைய இருப்பதோ சின்னஞ்சிறு துளை. அதற்குள் போய்ப் பணத்தை அள்ளிவரக்கூடியது ஒன்றே ஒன்றுதான். பொம்மை ரயில்.

தருமம் செய்கிறவர்களின் மனத்தை இவ்வளவு துல்லியமாகப் படம்பிடித்த சிறுவர் கதை வேறு எனக்குத் தெரியாது. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவோம், நோட்டுப் புத்தகம் கொடுப்போம், சட்டை எடுத்துக் கொடுப்போம். விளையாட்டுச் சாமான் என்றால் கை சுருங்கும். ஏழைக் குழந்தைக்குத் தேவை உண்டு, ஆசை இருக்கக்கூடாது என்பது நம் எழுதப்படாத விதி. அந்த விதியை நியாயம் பேசாமல், சிரிக்கச் சிரிக்க உடைத்துப் போட்டார் பார்க்ஸ். ருடால்ஃபின் கதை விட்டுச்சென்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஷேக்டவுன் பிள்ளைகள் யாருக்கும் வழிகாட்டவில்லை, எந்தத் திறமையையும் காட்டவில்லை. பிள்ளைகளாக இருப்பதே அவர்களுக்குத் தகுதி.

இதோடு ஒப்பிட, இந்தக் கதைகளை வெளியிட்ட டெல் நிறுவனமே 1949இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் பரேட் என்ற பெரிய மலரை எடுத்துக்கொள்ளலாம். சாதாரண இதழ் 10 சென்ட், இது 25 சென்ட். பக்கங்கள் பல மடங்காகப் பெருகின. பனி, மரம், பரிசுப் பெட்டி எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. முதல் மலரில் பார்க்ஸின் கதையும் இருந்தது. பிள்ளைகள் எழுதிய கடிதத்தை டொனால்ட் அஞ்சலில் சேர்க்க மறந்ததால் வரும் கலகலப்பு அது. சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் உள்ளேயே இருக்கிறார்கள். ஷேக்டவுன் நெஞ்சில் தங்குவதுபோல் அது தங்குவதில்லை.

ஹாலோவீனுக்கும் இதே விதி பொருந்தும். 1952இல் பார்க்ஸ் வரைந்த ஹாலோவீன் கதையில், வீடு வீடாக வந்து இனிப்புக் கேட்கும் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க மறுப்பவர் டொனால்ட். பிள்ளைகளுக்குத் துணையாக வருவது வேஷக்காரி அல்ல, அசல் சூனியக்காரி ஹேசல். பார்க்ஸ் சேர்த்த சில பக்கங்களைப் பதிப்பாசிரியர்கள் வெட்டினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவை மீண்டும் அச்சேறின.

விடுமுறை இல்லாத நாட்டில் அச்சான விடுமுறை மலர்

இனி பிரிட்டனுக்கு வருவோம். டேண்டி என்ற சிறுவர் சித்திரக்கதை வார இதழ் 1937 டிசம்பரிலும், பீனோ என்ற இதழ் 1938 ஜூலையிலும் தொடங்கின. இரண்டையும் வெளியிட்டது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து டி.சி. தாம்சன் நிறுவனம். டிசம்பர் வந்தால் இதழின் தலைப்பு எழுத்துகள் மீது பனி படிந்துவிடும். வாராவாரம் கடைசிக் கட்டத்தில் அடி வாங்கும் குறும்புக்காரர்கள், அந்த வாரம் மசித்த உருளைக்கிழங்கு மலையில் கொத்துக்கறிச் சுருள்கள் நட்டுக்கொண்டு நிற்கும் தட்டின்முன் உட்காருவார்கள். இலையுதிர் காலத்தில் கெட்டி அட்டையோடு ஆண்டு மலர் வரும். அட்டையில் அடுத்த ஆண்டின் எண்ணைப் போடுவது பிற்கால வழக்கம். கிறிஸ்துமஸ் காலையில் பிள்ளையின் கையில் இருக்க வேண்டிய புத்தகம் அதுதான் என்று நாடே ஏற்றுக்கொண்டது. 1963இல் டேண்டியும் பீனோவும் சேர்ந்து கோடைச் சிறப்பிதழ் ஒன்றையும் தொடங்கின.

வேடிக்கை என்னவென்றால், ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் 1958 வரை பொது விடுமுறை கிடையாது. சமயச் சீர்திருத்தக் காலம் தொட்டே அந்தப் பண்டிகையை அங்கே ஒதுக்கி வைத்திருந்தார்கள். புத்தாண்டுதான் அவர்களின் பெருவிழா. ஆக, பிரிட்டன் முழுவதும் பிள்ளைகள் கொண்டாடிய கிறிஸ்துமஸ் இதழ்கள், அந்த நாள் வேலை நாளாகவே இருந்த ஊரிலிருந்து வந்தன. பீனோவின் முதல் இதழிலேயே ஓவியர் டட்லி வாட்கின்ஸ் வரைந்த பிரபுச் சிறுவன் ஸ்னூட்டியின் கதை, கோட்டையின் பவிசு பிடிக்காமல் குப்பைத் தொட்டிச் சந்துப் பிள்ளைகளோடு ஆடப்போகும் கதை. உள்ளே இருக்கிறவன் வெளியே வர ஏங்குகிறான். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் ஒரு விருந்தின் உருவம் முழுமையாகத் தெரியும் என்பதற்கு டண்டீ ஒரு சாட்சி.

சிவகாசி

அப்படி வெளியே நின்று ஊரெல்லாம் கொண்டாட உழைக்கும் ஓர் ஊர் நம்மிடமும் இருக்கிறது. 1920களில் இரண்டு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், லேபிளிலிருந்து காலண்டரும் வளர்ந்தன. அந்த அச்சு வளத்திலிருந்துதான் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வந்தன. தீபாவளிக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒரு கையில் பிடித்த மத்தாப்பும் மறு கையில் பிடித்த மாயாவி சித்திரக்கதையும் ஒரே ஊர்ச் சரக்கு.

முத்து, லயன் மலர்களுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் ருசி தெரியும். பருமனான அந்த மலர்களை ரசிகர்கள் இன்றும் அன்பாகச் சொல்வது குண்டு புக் என்றுதான். தீபாவளி என்றால் டெக்ஸ் வில்லர் என்பது லயன் வாசகர்களிடையே ஏறத்தாழ ஒரு சம்பிரதாயம். 1948இல் இத்தாலியில் பிறந்த குதிரைவீரர் டெக்ஸ், எண்ணெய்க் குளியலுக்கும் பலகாரத்துக்கும் நடுவே அரிசோனாவில் துப்பாக்கி சுடுவார். இன்னொரு தமிழ்ச் செல்லப்பிள்ளையான லக்கி லூக்கும் 1946 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஸ்பிரூ பத்திரிகை வெளியிட்ட ஆண்டிறுதி மலரில்தான் முதலில் தோன்றினார். வழக்கமான இதழில் எடுக்கத் தயங்கும் முயற்சியைச் சிறப்பிதழில் எடுப்பார்கள் என்பதற்கு ஸ்க்ரூஜும் லக்கி லூக்கும் இரு சான்றுகள்.

நம் மலர்களில் பண்டிகை எங்கே இருக்கிறது? அட்டையின் வாழ்த்தில் இருக்கிறது, பக்கங்களின் பருமனில் இருக்கிறது, தபாலில் வரும் நாளில் இருக்கிறது. கதைக்குள் பெரும்பாலும் இல்லை. காரணம் தெரிந்ததுதான். கதைகள் ஐரோப்பாவிலிருந்து உரிமம் பெற்று வருபவை. புதிதாக ஓர் ஓவியரை அமர்த்தி நூறு பக்கம் வரையச் சொல்வதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் சிறிய சந்தை தாங்காது. இது அந்தப் பதிப்பாளர்கள்மீது குற்றச்சாட்டு ஆகாது. அவர்கள் இல்லாவிட்டால் தமிழில் சித்திரக்கதை வாசிப்பே அறுந்துபோயிருக்கும். ஆனால் ஒரு சமுதாயம் தன் பண்டிகையைத் தன் பிள்ளைகளுக்குச் சித்திரக்கதையாகச் சொல்லவே இல்லை என்றால், அந்தப் பண்டிகைக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் எந்தப் பக்கத்திலும் தென்படமாட்டார்கள்.

கதைக்குப் பஞ்சமா? சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தார், கண்மாய்க்கு வந்து தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. விரும்பியே விருந்துக்கு வெளியே நிற்கும் ஊர். வெளியூரிலிருந்து பை நிறைய வெடியோடு மாமா வீட்டுக்கு வரும் ஒரு சிறுவனை அங்கே இறக்கிவிடுங்கள், முதல் பக்கம் தயார். 2018 முதல் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே வெடிக்கலாம் என்று அரசு வகுத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழை கொட்டினால் என்ன ஆகும் என்பதே ஒரு முழுநீள நகைச்சுவைக் கதை. விடிய விடிய ஊர்ப் பிள்ளைகளின் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் தையற்காரரின் மகள், பண்டிகை முன்னிரவில் சிறப்புப் பேருந்து ஓட்டும் அப்பாவுக்காகக் காத்திருக்கும் பையன், ஊரே வெடிக்கும் நாளில் வேலை ஓய்ந்து உட்காரும் பட்டாசுத் தொழிலாளியின் வீடு. பனியையும் ஊசியிலை மரத்தையும் கடன் வாங்க வேண்டிய தேவை இதில் எதற்கும் இல்லை.

இந்த அவையின்முன் வைக்க இரண்டு கோரிக்கைகள் உண்டு. முதலாவது, சேகரிப்பு. தமிழில் வந்த கோடை மலர், தீபாவளி மலர், பொங்கல் மலர் அனைத்தையும் அட்டை, விளம்பரம், இலவச இணைப்பு எதையும் விட்டுவிடாமல் ஒரே இடத்தில் திரட்டி வைக்க வேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் அச்சுப் பண்பாட்டுக்குச் செய்துவரும் பணியோடு இதையும் பல்கலைக்கழகங்கள் இணைத்துச் செய்யலாம். இன்று தனியார் அலமாரிகளில் இருப்பவை, அடுத்த தலைமுறை வீடு மாறும்போது எடைக்குப் போய்விடும்.

இரண்டாவது, 16 பக்கம். முழு மலரும் வேண்டாம். ஒவ்வொரு தீபாவளி மலரிலும் 16 பக்கத்தைப் புதிய தமிழ்க் கதைக்கு ஒதுக்கட்டும். டெக்ஸ் பாட்டுக்கு டெக்ஸ் இருக்கட்டும், குண்டு புக்கின் குண்டும் குறைய வேண்டாம். பார்க்ஸுக்குக் கிடைத்ததே 20 பக்கம்தான். அந்த 16 பக்கத்துக்கான எழுத்தாளர், ஓவியர் ஊதியத்தை இதைப் போன்ற அறக்கட்டளைகள் ஏற்றுக்கொண்டால் பதிப்பாளருக்குச் சுமை இராது. வேலையை ஐப்பசியில் நினைத்துக்கொண்டால் நடக்காது, தை மாதமே ஓவியர் கையில் கதை இருக்க வேண்டும். போட்டியாக அறிவித்தால், தேர்வுக் குழுவுக்கு ஒரே ஒரு விதி போதும். வரும் கதைகளில் தீபம், பலகாரம், பட்டாசு எத்தனை என்று எண்ண வேண்டாம். யார் விருந்துக்கு வெளியே நிற்கிறார், அவரைக் கதை எப்படி நடத்துகிறது என்று மட்டும் பாருங்கள். அவர் திறமையைக் காட்டி இடம் வாங்கினால் சுமாரான கதை. திருந்திய பிறகே இடம் கிடைத்தால் பழைய கதை. எதையும் நிரூபிக்காமல், பிள்ளையாக இருப்பதாலேயே அவருக்கு இலை போட்டால், அந்தக் கதைக்குப் பரிசைக் கொடுங்கள்.